நெட்டிக் கொட்டகையின் பூட்டு

சிறை, திருச்சி
6 ஜனவரி 2025

அன்புத் தங்கை அற்புதத்துக்கு,

யேசுவுக்குப் புகழ்.

நான் இங்கே வந்து பதினெட்டு நாள் ஆகிறது. பார்க்க வருகிறவர்களின் பெயரை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். உன் பெயர் ஒன்றைத்தான் எழுதினேன். நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் இரண்டு வாரம் காத்திருந்தேன். போன் பேச நம்பர் கேட்டார்கள். உன் குரலைக் கேட்கத் தைரியம் இல்லை, அதனால் கொடுக்கவில்லை. கடிதம்தான் மிச்சம். எனக்கு எழுத்து ஓடாது என்பது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

ஆன்சியின் அடக்கத்துக்கு நான் வரவில்லை. கேட்டிருந்தால் போலீஸ் காவலோடு அனுப்பியிருப்பார்கள் என்று இங்கே ஒருவர் பிறகு சொன்னார். நான் கேட்கவே இல்லை. பிள்ளையின் குழிக்கு முன்னால் தாய்மாமன் போலீஸ்காரர் பக்கத்தில் நிற்பதை நீ பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். பெட்டியை யார் தூக்கினார்கள் என்று மட்டும் எழுது.

நடந்ததை நான் யாரிடமும் மறைக்கவில்லை. அரியமங்கலம் கொட்டகையின் கம்பிக் கதவைப் பூட்டியது நான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆறு நெட்டிக் கோபுரங்களை அட்டைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு, ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறியதும் நான். திருவானைக்காவல் தாண்டும்போது போன் வந்தது. இறங்கி ஆட்டோ பிடித்தேன். காவேரிப் பாலத்தில் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது பூட்டைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது.

இங்கே வந்த அன்று, என்ன தொழில் தெரியும் என்று ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டார். நெட்டி வேலை என்றேன். அப்படியென்றால் என்ன என்றார். குளத்தில் வளர்கிற தண்டு ஐயா, காயவைத்துத் தோலைச் சீவினால் உள்ளே தந்தம் மாதிரி வெள்ளையாக இருக்கும், அதில் கோபுரம், சாமி, மாதா எல்லாம் வெட்டுவோம், கையில் எடுத்தால் கனமே தெரியாது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "எரியுமா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

ஜாமீனுக்கு மனுப் போடலாம் என்று இலவச வக்கீல் அம்மா சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

18ஆம் தேதி முப்பதாம் நாள் பூசை வருகிறது. என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

உன் அண்ணன்
பாக்கியநாதன்


பாலக்கரை
24 ஜனவரி 2025

பாக்கியநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் நாலு நாள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். எரித்துவிடலாம் என்று நினைத்தேன். தீப்பெட்டியைத் தொட முடியவில்லை. இப்போது என் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பது பக்கத்து வீட்டு அம்மாதான்.

பெட்டியைத் தெரு ஆட்கள் தூக்கினார்கள். திறக்கவில்லை. திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால், இரண்டு பேரில் எது யாருடைய பிள்ளை என்று என்னையும் ஆன்சியோடு வேலை செய்த ஷஹனாஸின் அம்மா ஜீனத் அக்காவையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு போனோம். அதுவரைக்கும் எனக்கு அவர்களைச் சரியாகக் கூடத் தெரியாது.

பானுமதி உயிரோடு இருக்கிறாள். பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் பின்பக்கத் தகரத்தை வெட்டி அவளை மட்டும் இழுத்தார்கள். மற்ற இரண்டு பேரும் முன்பக்கம், கதவண்டை இருந்தார்களாம்.

ஆன்சி ஆறு வயதில் அப்பாவை இழந்த பிள்ளை. காது குத்தியது உங்கள் மடியில். ஸ்கூலில் சேர்த்தது நீங்கள். அதையெல்லாம் நீங்கள் எழுதினால் நான் படிக்கமாட்டேன். ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஏன் பூட்டினீர்கள்?

அற்புதம்மாள்


சிறை, திருச்சி
2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். அந்த ஆர்டர் இருநூற்றைம்பது ராஜகோபுரம். ஜனவரி முதல் வாரம் ஏதோ மாநாடு, வருகிற விருந்தாளி ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் கடை வைத்திருக்கும் ஜெயக்குமார் பிடித்து வந்த ஆர்டர். என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. போன வருஷமெல்லாம் நெட்டிக்கு அப்படி ஒரு கிராக்கி. கண்ணாடிப் பெட்டி, வெல்வெட் துணி, மூடியில் என் போட்டோ. 'மூன்று தலைமுறைப் பாரம்பரியக் கலை' என்று பொன் எழுத்தில் போட்டிருந்தான். ஆன்சி அதைப் படித்துவிட்டு, "மூணு தலைமுறையா ஒரே ஸ்டூல்ல உக்காந்திருக்கோம்னு அர்த்தம், மாமா" என்றாள். ஷஹனாஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கோபுரத்துக்குள் லைட் எரிய வேண்டும் என்றான் ஜெயக்குமார். நெட்டிக்குள் லைட் கூடாது என்றேன். சூடே ஆகாத பல்பு என்று சொல்லிச் சீரியல் பல்பு மூட்டையை இறக்கிவிட்டுப் போனான். ஒட்டுகிற சொல்யூஷன் டின் அதே மேசையில்தான் இருந்தது. தீ அங்கிருந்துதான் பிடித்தது என்கிறார்கள். நான் மேலே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். சின்னச் சின்னச் சிற்பங்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. நெல்லு அளவுப் பொம்மைகள், யார் வேண்டுமானாலும் மடியில் போட்டுக்கொண்டு போகலாம். ஆர்டர் முடிகிற வரைக்கும் நான் இல்லாத நேரத்தில் யாரும் வெளியே போகக் கூடாது என்று நினைத்துப் பூட்டினேன். போலீஸிலும் இதைத்தான் சொன்னேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

உன் அண்ணன்
பாக்கியநாதன்


பாலக்கரை
21 பிப்ரவரி 2025

பாக்கியநாதன் அவர்களுக்கு,

திருட்டு. அப்படியானால் என் பிள்ளையும் திருடி.

நீங்கள் சொன்னதைப் பேப்பரிலும் போட்டுவிட்டார்கள். 'சிற்பங்கள் திருடு போவதைத் தடுக்கப் பெண்களை உள்ளே வைத்துப் பூட்டியதாக வாக்குமூலம்.' பக்கத்து வீட்டு அம்மா எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார். ஜீனத் அக்கா அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நத்தர்வலி தர்கா பக்கத்துச் சந்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அற்புதம், இந்த வார்த்தை உங்க அண்ணன் வாயில இருந்து வந்ததா? போலீஸ்காரங்களா எழுதிக்கிட்டதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

நான் உங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். படிக்கச் சொன்னார், படித்தேன். மடியில் போட்டுக்கொண்டு போகலாம் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"மவுத்துக்கு வந்து கட்டிப்பிடிச்சு அழுதவங்க இப்ப வேற மாதிரி பாக்குறாங்க. திருட்டுக்காகப் பூட்டுனாங்கன்னா எடுத்தது யாருன்னு ஒரு கேள்வி வருமில்ல. உள்ள இருந்தது மூணே பேரு. ஷஹனாஸ் தங்கச்சிக்குப் பேசி வச்சிருந்த சம்பந்தக்காரங்க போன வாரம் வேணாம்னுட்டாங்க. காரணம் சொல்லல. சொல்லணுமா என்ன?"

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. படியிறங்கும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து சரியாகப் போட்டுக்கொண்டு போனார்.

நெல்லு அளவுப் பொம்மையை வைத்து அந்தப் பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள்? எந்தக் கடையில் விற்க முடியும்? செத்துப்போனவர்களால் வந்து இல்லையென்று சொல்ல முடியாது என்பதால்தானே சொன்னீர்கள்.

மாநாடு நடந்து முடிந்துவிட்டது. விருந்தாளிகளுக்குப் பித்தளை விளக்குக் கொடுத்தார்களாம். ஜெயக்குமார் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு கடையைத் திறந்துவிட்டான். பூட்டைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

எனக்கு இனி எழுத வேண்டாம்.

அற்புதம்மாள்


சிறை, திருச்சி
4 மார்ச் 2025

தங்கைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. பொருள் குறைகிறது என்றுதான் சொன்னேன். ஜீனத் அம்மாவிடம் அதைச் சொல். அவர்கள் வீட்டில் இப்படி ஒன்று நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்தது அதுதான்.

மாற்றிச் சொல்ல முடியாதா என்று நீ கேட்பாய். முடியாது. கேட்காதே.

நாளைக்குச் சாம்பல் புதன். சாமியார் இங்கேயே வந்து எல்லாருக்கும் நெற்றியில் பூசுவாராம். நான் போகப் போவதில்லை.

பாக்கியநாதன்


பாலக்கரை
26 மார்ச் 2025

அண்ணனுக்கு,

பானுமதியைப் பார்க்கப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கட்டு. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, இன்னும் இரண்டு ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். அவள் வீட்டுக்காரர் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அவளிடம் ஏதாவது காணாமல் போனதா என்று கேட்டேன். அவளுக்குப் புரியவே இல்லை. என்ன காணாமல் போனது என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

"அக்கா, அந்தப் பூட்டு அஞ்சு வருசமா பகல்ல ஆணியில சும்மாதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ராத்திரி வீட்டுக்குப் போறப்பதான் பூட்டுவாரு. அன்னைக்குப் பதினோரு மணி சுமாருக்கு அண்ணனுக்கு ஒரு போன் வந்துச்சு. வெளிய போய்ப் பேசினாரு. பேசிட்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பறப்ப பூட்டை எடுத்தாரு."

"யாரு பேசினாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

பானுமதி என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போலீஸ்கிட்ட இதைச் சொன்னியா?"

"பூட்டினது யாருன்னு மட்டும்தான் கேட்டாங்க. சொன்னேன்."

யாருடைய போன் அது? அதை எழுதுங்கள்.

அற்புதம்


சிறை, திருச்சி
5 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

நீ எதற்குப் பானுமதி வீட்டுக்குப் போனாய்? அவளே வலியில் கிடக்கிறாள். இத்தனை மருந்து சாப்பிடுகிறவளுக்கு எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று எப்படி நினைவிருக்கும்? அன்றைக்கு எனக்குப் பத்துப் போன் வந்திருக்கும். ஜெயக்குமார் மட்டும் இரண்டு தடவை பேசினான். பெட்டி அளவு பற்றி. அதில் ஒன்றாக இருக்கும்.

நீயும் அன்றைக்குப் பேசியிருக்கலாம். தினமும் பேசுகிறவள்தானே. தங்கை அண்ணனிடம் பேசியதில் யாருக்கு என்ன இருக்கிறது. என் போன் போலீஸிடம் இருக்கிறது. யார், எத்தனை மணிக்கு என்பதுதான் அதில் தெரியும், என்ன பேசினோம் என்பது தெரியாது. யாராவது வந்து கேட்டால் சாப்பாட்டைப் பற்றிப் பேசினேன் என்று சொல்லிவிடு.

இந்தக் கடிதங்களை இங்கே ஒருவர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார், உன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் எனக்குக் கொடுப்பார். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

நான் ஐம்பத்தெட்டு வயது ஆள். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. வெளியே வந்து நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. நீ இன்னும் அந்தத் தெருவில் இருந்தாக வேண்டும். கோயிலுக்குப் போக வேண்டும், நாலு பேர் முகத்தைப் பார்க்க வேண்டும். இது என்னோடு போகட்டும், அற்புதம். உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

உன் அண்ணன்
பாக்கியநாதன்


பாலக்கரை
19 ஏப்ரல் 2025, பெரிய சனிக்கிழமை

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை அங்கே படிக்கிறவர் நன்றாகப் படிக்கட்டும். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

டிசம்பர் 19ஆம் தேதி காலை பதினொன்று பத்துக்கு உங்களுக்குப் போன் செய்தது நான். "அண்ணே, ஓசூர் பக்கம் செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுக்குறாங்களாம். ரெண்டு மணிக்குத் துவாக்குடி பஸ் ஸ்டாப்புக்கு வேன் வருதாம். ஆன்சி சர்டிபிகேட்டையெல்லாம் பையில எடுத்து வச்சுக்கிட்டுப் போயிருக்கா. பக்கத்து வீட்டுப் பொண்ணு இப்பதான் சொல்லுது. சாயங்காலம் வரைக்கும் அவளை வெளிய விடாதீங்க" என்று சொன்னேன். "விடல, நீ வை" என்றீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பன்னிரண்டே முக்காலுக்கு ஆன்சி எனக்குப் போன் செய்தாள். "அம்மா, மாமா கேட்டைப் பூட்டிட்டுப் போயிட்டாரு. நீதான் சொன்னியா?" என்றாள். "ஆமா, நான்தான் சொன்னேன். ஹாஸ்டல்ல போய்க் கிடக்கணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? பேசாம உக்காந்து வேலையைப் பாரு" என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் வைத்துவிட்டேன்.

பூட்டியிருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரியும், அண்ணே. நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். துணி காயப்போடப் போனேன்.

ஒன்று இருபத்திரண்டுக்கு மறுபடியும் போன் அடித்தது. திரையில் அவள் பெயரைப் பார்த்தேன். வேன் போய்விடுமே என்று கெஞ்சப் போகிறாள், எடுத்தால் என் மனது இளகிவிடும் என்று எடுக்கவில்லை. நின்றது. உடனே மறுபடி அடித்தது. அதையும் எடுக்கவில்லை. முழுதாக அடித்து ஓயும் வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் கூடச் சொல்லவில்லை.

ஜனவரியில் ஏன் பூட்டினீர்கள் என்று உங்களைக் கேட்டேனே. தெரியாமல் கேட்கவில்லை. என் பெயரைச் சொல்லிவிடுவீர்களோ, ஏற்கனவே சொல்லிவிட்டீர்களோ என்ற பயத்தில் கேட்டேன். திருட்டுக்காக என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் நெஞ்சு லேசானது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று ராத்திரி டிசம்பருக்குப் பிறகு முதல் தடவையாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்கு வெட்கப்பட்டுத்தான் உங்களை அப்படித் திட்டி எழுதினேன். ஜீனத் அக்கா வந்து உட்கார்ந்திருந்தபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் சம்பந்தம் நின்றுபோயிற்று என்று தெரிந்தும் மூடிக்கொண்டிருந்தேன். பானுமதியிடம் போனது உண்மை தெரிந்துகொள்ள அல்ல, அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்துக்கொள்ள. ஆன்சி என்னோடு பேசியபோது பானுமதி பக்கத்திலேயே உட்கார்ந்து தோல் சீவிக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அப்படி வெந்துபோன கையை வைத்துக்கொண்டு அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேற்றுப் பெரிய வெள்ளி. சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

நான் சொல்லப் போகிறேன். முதலில் போலீஸில், பிறகு ஜீனத் அக்காவிடம். உங்கள் அனுமதி கேட்டு எழுதவில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

அற்புதம்


சிறை, திருச்சி
27 ஏப்ரல் 2025

அற்புதம்,

உன் கடிதத்தைக் கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போனார். படித்திருப்பார்.

நீ சொல்வதானால் முழுதாகச் சொல். பாதியைச் சொன்னால் அதுவும் பொய்தான்.

வெளியே விடாதீர்கள் என்றுதான் நீ சொன்னாய். பூட்டச் சொல்லவில்லை. நான் அன்றைக்கு எங்கேயும் போகாமல் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் ஸ்ரீரங்கம் போய் அளவு காட்டாவிட்டால் கண்ணாடிப் பெட்டி வராது, பெட்டி வராவிட்டால் ஆர்டர் நிற்கும். போகவும் வேண்டும், அவளையும் விடக் கூடாது. அதனால் ஆணியிலிருந்து பூட்டை எடுத்தேன்.

இன்னொன்றும் உண்டு. ஷஹனாஸும் பானுமதியும் தோல் சீவுவார்கள், தாள் மாதிரி செதுக்குவார்கள், அடுக்கி ஒட்டுவார்கள். கோபுரத்துப் பொம்மைகளை ஆன்சி ஒருத்திதான் வெட்டுவாள். நுணுக்க வேலைக்கு எனக்குக் கண் போய் இரண்டு வருஷம் ஆகிறது. யாரிடமும் சொல்லவில்லை. என் போட்டோ போட்ட பெட்டிக்குள் இருந்தது முழுக்க அவள் கைவேலை. அவள் வேனில் ஏறிவிட்டால் மிச்சமிருந்த தொண்ணூறு கோபுரம் மொட்டையாக நிற்கும். உன் போன் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அற்புதம். அவளை நிறுத்த எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. அதுவும் என்னுடையதாக இல்லாமல் உன்னுடையதாகக் கிடைத்தது.

அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கத்தவில்லை. "உங்க அம்மா சொல்லுச்சும்மா" என்றேன், எனக்கு இதில் ஒன்றும் இல்லை என்பது போல. "சரி மாமா. இந்த வேன் போனா அடுத்த வாரம் இன்னொரு வேன் வரும். அதுல போவேன்" என்றாள். "அப்பப் போம்மா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் திருட்டு என்று சொன்னேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி அதுதான். மீதி, அவள் கைவேலைக்காக அவளைப் பிடித்துவைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வக்கீல் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். எதுவும் திருடு போகவில்லை என்று எழுதிக் கொடுக்கிறேன். ஜீனத் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்காதே. என் சார்பில் நிச்சயமாகக் கேட்காதே. நான் பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்.

பாக்கியநாதன்


பாலக்கரை
9 மே 2025

அண்ணனுக்கு,

ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் முதலில் என்னை உட்காரச் சொல்லி, துக்கத்தில் இப்படியெல்லாம் தோன்றும், வீட்டுக்குப் போங்கம்மா என்றார். போனை எடுத்து அந்த நாலு அழைப்பையும் காட்டினேன். அதற்குப் பிறகு எழுத ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. என்னையும் வழக்கில் சேர்ப்பார்களா, சாட்சியாக மட்டும் கூப்பிடுவார்களா என்பதை மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

அங்கிருந்து நேராக ஜீனத் அக்கா வீட்டுக்குப் போனேன். ஷஹனாஸின் அத்தா துபாய்க்குத் திரும்பிப் போய்விட்டார், லீவு முடிந்துவிட்டதாம். சின்ன மகள், அந்தச் சம்பந்தம் நின்றுபோன பிள்ளை, கதவைத் திறந்தது. அச்சு அசல் அக்கா சாயல்.

எல்லாவற்றையும் சொன்னேன். வேன், சர்டிபிகேட், நான் பேசியது, ஆன்சி பேசியது, எடுக்காத இரண்டு போன். உங்கள் கண், தொண்ணூறு கோபுரம், நீங்கள் சந்தோஷப்பட்டது. எதையும் குறைக்கவில்லை. ஜீனத் அக்கா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் சின்ன மகளைப் பார்த்து, "கேட்டியா? உங்க அக்கா எதையும் எடுக்கல" என்றார். அந்தப் பிள்ளை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

"இதை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஜமாத்துல காட்டணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்து வைத்தார். எழுந்து கிளம்பும்போதுதான் கேட்டார்.

"அற்புதம், வேனுக்குப் போகணும்னு இருந்தது உங்க பொண்ணு. அவளைப் போகக் கூடாதுன்னு சொன்னது நீங்க. அவ கைவேலை வேணும்னு இருந்தது உங்க அண்ணன். எல்லாம் உங்க வீட்டு விசயம். என் பொண்ணு எந்த வேனுக்கும் போகல. அவ எதுக்கு உள்ள பூட்டிக் கிடந்தா?"

கோபமாகக் கேட்கவில்லை, அண்ணே. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார். பதில் வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குக் காலையில் போனில் பேசியபோது உள்ளே இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள் என்று எனக்கு நினைப்பே வரவில்லை. உங்களுக்கு வந்ததா? அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பூட்டினீர்களா?

நான் படியிறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறாமல் தர்கா வாசலிலிருந்து பாலக்கரை வரைக்கும் நடந்தேன்.

வழக்கு அடுத்த மாதம் எடுக்கப்படும் என்கிறார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வரப் போவதாக ஜீனத் அக்கா சொல்லியிருக்கிறார். நானும் வருவேன். உங்களைக் கூண்டில் ஏற்றும்போது தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். அவர் உங்கள் முகத்தையும் பார்க்க வேண்டும்.

உங்கள் தங்கை
அற்புதம்